வெட்டாத கேக்

"ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலை. நான் என்ன அவ்வளவு கொடுமைக்காரனா?"

அன்றோடு ஓய்வுபெறும் அதிகாரி, காலி ஹாலில் வெட்டாத கேக்கோடு உட்கார்ந்து, மனைவியிடம் போனில் புலம்பினார்.

"முறையா கூப்பிட்டீங்களா?"

"காலையிலேயே எல்லாருக்கும் மெயில் போட்டேனே! 'சாயங்காலம் கேக் இருக்கு, வர்றவங்க கீழே இருக்கிற லிங்க்கை அழுத்துங்க'ன்னு!"

வரவேற்பறைப் பெண் கதவைத் திறந்தாள். "சார், தனியா என்ன பண்றீங்க?"

"நீயும் என் மெயிலைப் பார்க்கலையாம்மா?"

"பார்த்ததுமே அழிச்சிட்டேன் சார். எல்லாரும்தான்! போலி மெயிலை நம்பி யார் ஏமாறுறாங்கன்னு நீங்க மாசாமாசம் வைக்கிற பரீட்சைதானே அது? இந்தத் தடவை ஒருத்தர்கூட மாட்டலை!"

தகவல் பாதுகாப்பு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடியே, கேட்டியா? அத்தனை பேரும் பாஸ்!"