உயிருள்ள சொத்து

"கதவைச் சாத்திட்டு உட்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

அவள் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்த பைக்குள் ஒரு மாற்றுப் புடவை, பிரஷ், சோப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று கணவன்தான் எடுத்து வைத்தான். வாசல்வரை வந்து, "உள்ள போட்டாங்கன்னா ஒரு போன் போடு, தலையணை கொண்டாந்து தர்றேன்" என்று ஆறுதல் வேறு. மெத்தைக் கம்பெனியில் வேலை பார்ப்பவள் தலையணை இல்லாமல் படுத்தால் கம்பெனிக்குத்தானே கேவலம்!

"மெத்தைக் கம்பெனியோட வருஷக் கணக்குக்கு டேக் போட்டு அனுப்பினது நீங்கதானா?"

"நான்தான் சார்." குரல் பாதி வழியிலேயே உட்கார்ந்துகொண்டது.

கம்பெனிகளின் வருஷக் கணக்கை இப்போதெல்லாம் மனிதர்கள் படிப்பதில்லை. இந்த அரசு அலுவலகத்தின் கணினிதான் படிக்கிறது. ஒவ்வொரு தொகையின் கழுத்திலும் 'இது கட்டடம்', 'இது வாகனம்' என்று ஒரு டேக்கை மாட்டி அனுப்ப வேண்டும். அதையும் கணினியே வைத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்குப் பிடித்தால் பச்சை. பிடிக்காவிட்டால் சிவப்பு, மொத்தக் கணக்கும் முகத்தில் அடித்த மாதிரி திரும்பி வந்துவிடும்.

"மத்ததெல்லாம் சரியா இருக்கு. அந்த வெண்கலச் சிலைதான்..." என்று இழுத்தார் அதிகாரி.

போச்சு. அவள் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சிலை முதலாளியுடையது. மனுஷர் உயிரோடு இருக்கும்போதே தன்னை வெண்கலத்தில் வார்த்து, தொழிற்சாலை வாசலில், வெண்கல மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்காரவைத்துவிட்டார். கணினியின் பட்டியலில் சிலை என்று ஒரு டேக்கே கிடையாது.

"மொதல்ல கட்டடம்னு போட்டேன் சார். எத்தனை மாடின்னு கேட்டுச்சு."

"கேக்கும், கேக்கும்."

"அப்புறம் வாகனம்னு போட்டேன். அதுக்கு..."

"'எரிபொருள் வகை காலியாக உள்ளது. பிழை நாற்பத்தேழு.' அதானே?" அதிகாரி மின்விசிறியைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பித்தார்.

எழுத்துப் பிசகாமல் தெரிந்து வைத்திருக்கிறாரே, எல்லாவற்றையும் துருவிப் பார்த்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆமா சார். மெஷின்னு போட்டா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்னு கேக்குது. எங்க முதலாளியே வேகமா நடந்தா மூச்சு வாங்குவாரு சார், சிலை எங்கேருந்து ஓடும்?"

கணக்கு அனுப்ப அன்றைக்குத்தான் கடைசி நாள். கணக்கு மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஏதாவது ஒண்ணைப் போட்டுத் தொலைம்மா, பச்சை வந்தா போதும்" என்று பிடரியில் மூச்சு விட்டார். அதே மேனேஜர் இன்று காலை, "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லீவில் போய்விட்டார்.

"அப்புறம்?" அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம்... பண்ணை வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு டேக் இருக்கே சார்... ஆடு, மாடு, கோழிக்கெல்லாம்... உயிருள்ள சொத்துன்னு..."

"முதலாளிய மாட்டோட சேத்துட்டீங்க."

"சிலையை மட்டும்தான் சார்!"

"உயிரோட இருக்கான்னு கேட்டிருக்குமே?"

"முதலாளி நல்லாத்தானே இருக்காருன்னு 'ஆம்' போட்டேன்."

"தீவனச் செலவு?"

"மாசாமாசம் பாலிஷ் வாங்கற செலவை அதுல காட்டிட்டேன்."

"தடுப்பூசி?"

"களிம்பு ஏறாம இருக்க மருந்து அடிக்கிறோமே சார்."

"வருஷத்துக்கு எத்தனை குட்டி போடும்?"

"ஒண்ணும் இல்லைன்னு போட்டேன்." அவள் கண்கள் தளும்பிவிட்டன. "நான் எதுலயுமே பொய் சொல்லல சார்."

"உடனே பச்சை வந்துருச்சா?"

"அடுத்த நிமிஷமே சார்."

அதிகாரி எழுந்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு வந்து மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

கைவிலங்குதான் வரப்போகிறது என்று தீர்மானித்து, அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். பை மடியிலிருந்து நழுவி, சோப்பு மேஜைக்கு அடியில் ஓடியது.

ஒன்றும் நடக்காததால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். அதிகாரியின் கையில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும்தான் இருந்தன.

"வாக்குமூலமா சார்? என் கையாலயே எழுதணுமா?"

"வேணாம்மா. நீங்க மெதுவா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். அந்தத் தடுப்பூசிக்கு என்ன போட்டேன்னீங்க?"

"நீங்க எதுக்கு சார் எழுதணும்?"

அதிகாரி தன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. கணக்கை அனுப்பிய நிறுவனம் என்ற இடத்தில், அவருடைய அலுவலகத்தின் பெயரே இருந்தது.

"எங்க வாசல்லயும் ஒரு சிலை நிக்குதும்மா!"