ஹாங்காங் மல்லிகை

“இது ஏழாவது தடவை அக்கா. இன்னும் எத்தனை தடவைதான் பிரிச்சுப் பிரிச்சுத் தைப்பீங்க?” என்றாள் துமினி.

“ஓரம் சீரா வர்ற வரைக்கும்” என்ற சுவார்னி, வெள்ளை ஃபெல்ட் துணியில் வெட்டிய மல்லிகை இதழ்களின் ஓரத்தை மறுபடி தைக்கத் தொடங்கினாள். “மாப்பிள்ளை வீடு சோலோ ஊர்ல. பாத்திக் துணி வியாபாரம். எதையும் திருப்பிப் பாக்காம விடமாட்டாங்க. நான் ஹாங்காங்ல வேலை செய்றதா என் பொண்ணு ரெத்னோ சொல்லி வெச்சிருக்கா. கல்யாணத்தன்னைக்கு முக்காட்டுல குத்திக்கிற பூ, அங்க கடையில வாங்கின மாதிரியே இருக்கணும்.”

“உள்ளூர்லயே இருந்துக்கிட்டு ஹாங்காங்கா!” துமினி சிரித்தாள்.

சுவார்னி தலை நிமிரவில்லை. மூன்று மணி அடிப்பதற்குள் கடைசி முடிச்சைப் போட்டு, நூல் நுனியை இதழுக்கு அடியில் மறைத்துவிட்டாள்.

பெண் காவலர் வந்து கத்தரிக்கோல்களை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். “சுவார்னி, உன் பொண்ணு பாக்க வந்திருக்கா. பதினஞ்சு நிமிஷம்தான்.”

பார்வையாளர் அறையில் ரெத்னோ பூவின் ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை.

“யாரு கேட்டாலும் ஹாங்காங்லருந்து வந்ததுன்னு சொல்லிடும்மா” என்றாள் சுவார்னி.

“சொல்ல மாட்டேன்மா. நீ ஜெயில்ல இருக்கறதை அவர்கிட்ட சொல்லிட்டேன். அவங்க அம்மாகிட்டயும்.”

“ஐயோ, அப்ப கல்யாணம்?”

“சொன்ன தேதியிலதான். ரெண்டு பேரும் வெளிய வரிசையில நிக்கிறாங்க. சம்பந்தியைப் பாக்காம பொண்ணெடுக்க மாட்டாங்களாம்!”