முன் சீட்டு சாமி

"சாமி, இங்க வாங்க. இது சாமிமார் சீட்."

கண்டி பஸ் கண்டக்டர் அரைத் தமிழில் சொல்லிக்கொண்டே, மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டார்.

பிலிமத்தலாவையில் அப்போதுதான் ஏறிய யோகேஸ் பின்னால் திரும்பிப் பார்த்தான். சாமி யாரையும் காணவில்லை. அவனைத்தான் கூப்பிடுகிறார்.

கூப்பிடாமல் என்ன செய்வார்? மார்கழி மாதம். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, நெஞ்சு வரை தாடி, கழுத்தில் மணிமாலை. போதாததற்கு, வாசலில் அம்மா பிடித்து நிறுத்திப் பூசிவிட்ட திருநீறு. சபரிமலைக்கு மாலை போட்ட சாமிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் யோகேஸ் போய்க்கொண்டிருந்தது மலைக்கு அல்ல, கிட்டார் இடிமுழங்கும் மெட்டல் இசை ஷோவுக்கு. கொழும்பு பேண்ட் ஒன்று மூன்று மணிக்குக் கண்டியில் வாசிக்கிறது. எட்டு மாதமாகக் காத்திருந்த நாள்.

"நான் சாமி இல்லீங்க" என்றான்.

"நல்ல சாமி எல்லாம் அப்பிடித்தான் சொல்லும்" என்று கூடைக்கார அம்மா ஒருத்தி கும்பிட்டாள்.

அவன் உட்காரவில்லை. சாமி நிற்கும்போது உட்கார மற்றவர்களுக்கும் தைரியம் வரவில்லை. மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸில் அந்த சீட் மட்டும் சொகுசாகக் காலியாகப் போனது.

அவனுக்குப் பின்னாலேயே ஏறியிருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நெருங்கி வந்தார்.

"சாமி, ஒரு வாக்கு சொல்லணும். என் பேரு பழனியாண்டி, கெலிஓயா. மகளுக்கு மாப்பிள்ள பாக்கிறேன்."

யோகேஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். கல்யாணப் புரோக்கர் அவனுக்குக் கொண்டுவந்த பெண் சுதர்சினி. அவள் அப்பா பெயரும் பழனியாண்டிதான். ஊரும் கெலிஓயாதான்.

சுதர்சினியோடு இரண்டே தடவைதான் போனில் பேசியிருந்தான். இரண்டாவது தடவை அவள், "அந்த ஷோவுக்கெல்லாம் பொம்பளைங்க வரலாமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவனுக்கு வேறு பெண்ணே வேண்டாம்.

"பிலிமத்தலாவைப் பையன், பார்மசியில வேலை" என்றார் பழனியாண்டி. "நல்ல இடந்தான். ஆனா விசாரிச்சா நாலு பேரு நாலு கதை சொல்றாங்க. பேய்ப் பாட்டு கேக்கிறானாம், டூமோ என்னமோ. பொண்ணு குடுக்கலாமா, வேணாமா? சாமி சொன்னா சரி."

பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது.

'குடுங்க' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டும். நாளைக்கே தட்டு மாற்றிவிடலாம். தாடியைத் தடவிக்கொண்டு சொன்னால் இன்னும் எடுபடும்.

அந்த வார்த்தை யோகேஸின் வாயில் வரவில்லை.

"சத்தியமா நான் சாமி இல்லீங்க. நீங்க சொன்ன பையனே நான்தான். இப்பவும் அந்த ஷோவுக்குத்தான் போறேன்."

கூடைக்கார அம்மா கும்பிட்ட கையைச் சட்டென்று இறக்கினாள். காலி சீட்டில் யாரோ உட்கார்ந்தார்கள்.

பழனியாண்டியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரி. கல்யாணத்துக்குப் பெறகு இதையெல்லாம் விட்டுருவீங்க தானே?"

இன்னொரு சின்னப் பொய் போதும். அதுவும் வாயில் வரவில்லை.

"இல்லீங்க. போவேன்."

"அப்பிடி என்னதான் இருக்கு அங்க?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

"மொதல்ல சைக்கடெலிக் பேண்ட் ஒண்ணு வருங்க. ஒரே பாட்டு இருபது நிமிசம். சுவரெல்லாம் கலர் வெளிச்சம் உருகி ஓடும். அதுக்குப் பெறகு டூம், அது மெட்டல்ல ஒரு வகை. வேகமே கெடயாது. ஒரு அடி விழுந்தா, அடுத்த அடி எப்ப வரும்னு முந்நூறு பேரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிப்போம். அந்தச் சத்தம் காதுல கேக்காதுங்க, நெஞ்செலும்புல கேக்கும். வாரம் பூரா சனங்க நோயச் சொல்லச் சொல்லக் கனத்துப்போன மனசு, வெளிய வரும்போது பஞ்சா இருக்கும்."

"போன்ல கேட்டா ஆகாதா?"

"தேத்தண்ணிய படத்துல பாத்தா தாகம் தீருங்களா?"

"குடி, கஞ்சா?"

"சில பேர் கிட்ட இருக்கும். இல்லன்னு சொல்லமாட்டேன். எனக்குச் சத்தமே போதும்."

பழனியாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேராதனை தாண்டியது, கண்டி வந்தது. எல்லாம் போச்சு என்று யோகேஸ் நினைத்துக்கொண்டான். ஷோவுக்குப் போகும் ஆசைகூடச் செத்துவிட்டது.

மணிக்கூண்டடியில் இறங்கியதும் அவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். மண்டை ஓடு போட்ட சட்டையோடு, தலைமுடி பறக்க, கண்ணை மூடிக்கொண்டு யோகேஸ்.

"புரோக்கர் குடுத்ததா?"

"மக குடுத்தா, உங்க பேஸ்புக்குல எடுத்ததாம். பத்து நாளா என் பையிலதான் கெடக்கு. நாலு பேர விசாரிச்சு அலுத்துப்போய், ஆளையே விசாரிப்போம்னு வந்தேன். சாமின்னு கூப்பிட்டது கண்டக்டர். நான் சும்மா தொத்திக்கிட்டேன்."



"அப்ப… பஸ்ல ஏறும்போதே என்னத் தெரியுமா?"

பழனியாண்டி படத்தைத் துடைத்து மறுபடி பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"வீட்டு வாசல்லயே கண்டி பஸ் போற கெலிஓயாக்காரன், பிலிமத்தலாவைக்கு வந்து எதுக்கு ஏறணும் மாப்பிள்ள?"