போட் இன்

"'படகில்'. இங்கிலீஷில சொல்லுங்க ராத்தா."

உம்மு குல்சும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழும்பினாள். கொஞ்சம் யோசித்தாள்.

"போட் இன்."

வகுப்பே சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது அவளுடைய சொந்தப் புருஷன் அபூதாஹிர்தான். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

ரீச்சர் சிவரூபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்தெருவில், ஒரு கடையின் மேல்மாடியில் நடக்கும் பின்னேர வகுப்பு அது. வெளிநாட்டுக்காரரை ஏற்றிப்போய் டொல்பின் காட்டும் படகுக்காரர்களுக்கு வாயில் நாலு இங்கிலீஷ் வரவேண்டும், அவ்வளவுதான். 'கரையில நிண்டு ஆக்களைப் படகில ஏத்திவிடுறது நான்தானே, எனக்கும் வேணும்' என்று உம்மு குல்சுமும் புருஷனோடு வந்து சேர்ந்திருந்தாள். அக்கா, அண்ணன் என்பதுபோல் வகுப்புக்கே அவள் 'ராத்தா', அவன் 'நானா'.

"எத்தினை தரம் சொல்லிட்டன் ராத்தா? தமிழில 'இல்' எண்டது படகுக்கு வால். இங்கிலீஷில அதுதான் தலை. முதல்ல தலையை வைக்கோணும். சரி, இதைச் சொல்லுங்க. 'குதிக்க முன்னம், என்னட்டக் கேளுங்க'."

"ஜம்பிங் பிஃபோர், மீ ஆஸ்க்."

"ராத்தா கூட்டிப்போனா டொல்பினும் வாலாலதான் கதைக்கும்!" என்றான் பின்வரிசை வாங்கில் இருந்த பஸ்லான்.

அபூதாஹிருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நானா, சிரிச்சது காணும். நீங்க சொல்லுங்க."

"பிஃபோர் ஜம்பிங், ஆஸ்க் மீ!"

"'உங்கட இடப் பக்கத்தில, டொல்பின்'?"

"ஒன் யோர் லெஃப்ட், டொல்பின்!"

"'க்காக' வந்தா 'ஃபோர்'. 'உங்கட பாதுகாப்புக்காக, ஜக்கெட்டைப் போடுங்க'?"

"ஃபோர் யோர் சேஃப்டி, வெயார் த ஜக்கெட்!"

சொல்லிவிட்டு மனைவியைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தான். "இவளுக்கு இதெல்லாம் ஏறாது ரீச்சர்."

உம்மு குல்சும் குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு மனுசன், அவனுக்கு இப்படியும் ஒரு மனுசி என்று ரீச்சருக்கு எரிச்சலாக இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நிலாவெளியில் ஒரு ஹோட்டல் மனேஜர் அபூதாஹிரை இங்கிலீஷில் பேசவிட்டுப் பார்க்கப் போகிறார். பேசத் தெரிந்தால் சீசன் முழுக்க அவனுடைய படகுக்குத்தான் ஓட்டம். தெரியாவிட்டால் வேறு படகு. உம்மு குல்சும் பழையபடி கட்டாருக்கு வீட்டுவேலைக்குப் போகவேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்தும், இருக்கிற கொஞ்ச நேரத்தில் பாதியை அவள் 'போட் இன்' என்று தின்றுகொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து, அபூதாஹிர் மோட்டார்சைக்கிளை எடுக்கக் கீழே இறங்கினான். ரீச்சர் அவளை மறித்தாள்.

"ராத்தா, குறை நினைக்காதீங்க. நாளையில இருந்து நீங்க காலமை சின்னப்பிள்ளைகளின்ட வகுப்புக்கு வாங்க. உங்களாலதான் நானா பிந்துறார். அதோட, ஆக்களுக்கு முன்னால உங்களைப் பாத்து இப்பிடிச் சிரிக்கிறாரே, எனக்கே வெக்கமாக் கிடக்கு."

உம்மு குல்சுமின் முகம் மாறியது. படியை எட்டிப் பார்த்தாள். கீழே மோட்டார்சைக்கிள் சத்தம் இன்னும் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"வித்தவுட் மீ, ஹி வில் நொட் கம், ரீச்சர்."

கரும்பலகையைத் துடைக்கப் போன ரீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன் த ஃபெர்ஸ்ட் டே, ஹி ரேன் அவே ஃப்ரொம் த கேட்."

ஒரு சொல்லும் இடறவில்லை. தலையெல்லாம் தலை இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது.

"ராத்தா!"

"கட்டாரில நான் வேலை செஞ்ச வீட்டு மேடம் ஒரு வெள்ளைக்காரி, ரீச்சர். எனக்கு அரபு மட்டுந்தான் தெரியுமெண்டு இவர் நினைச்சிட்டிருக்கார்." அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். "அஞ்சாம் வகுப்போட பள்ளியை விட்ட மனுசன். ஆக்கள் சிரிப்பாங்களெண்டு முதல்நாள் கேற்றோட திரும்பி ஓடிட்டார். நானும் வாறன், ரெண்டு பேரும் மக்குகளா இருப்பம் எண்டு சொல்லித்தான் கூட்டி வந்தனான். என்னைப் பாத்துச் சிரிக்கிற நேரம் அவருக்குப் பயம் போயிருது. ஞாயிறு வரைக்கும் என்னை மக்குப் பிள்ளையாவே இருக்க விடுங்க ரீச்சர்."



"நாளைக்கும் இஞ்சயே வாங்க ராத்தா," என்றாள் ரீச்சர்.

அவள் இறங்கிப் போன கையோடு அபூதாஹிர் ஏறி வந்தான். ஹெல்மெட்டை மறந்துவிட்டானாம்.

அந்த முகத்தைக் கண்டதும் ரீச்சருக்குக் கோபம் திரும்ப வந்தது. "நானா, நாளைக்கு ராத்தாவைப் பாத்துச் சிரிக்கக் கூடாது. சொல்லிப்போட்டன்!"

அபூதாஹிர் படியை எட்டிப் பார்த்தான். அவனும் குரலைத் தாழ்த்தினான்.

"சிரிக்காட்டி அவளுக்கு விளங்கிரும் ரீச்சர்."

"என்ன விளங்கும்?"

"எனக்குத் தெரியுமெண்டு." ஹெல்மெட்டைக் கையில் எடுத்துத் தடவினான். "அவள் கட்டாரில இருந்து வந்து எவ்வளவு காலம்! இன்னும் நித்திரையில 'இன் எ மினிட், மேடம், இன் எ மினிட், மேடம்' எண்டு பதறி எழும்பப் பாப்பாள். அது அரபு இல்லையெண்டு எனக்குத் தெரியாதா? எனக்காக நடிக்கிறாள், பாவம். அந்த நடிப்பு வீணாப் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நான் தப்பாமச் சொல்லோணும் ரீச்சர். அவளை இனி அங்க அனுப்ப ஏலாது."

கீழே உம்மு குல்சும் ஹோர்ன் அடித்தாள். அவன் ஓடினான். பாதிப் படியில் நின்று, ஒரு கணம் யோசித்து, தலையை முதலில் வைத்துச் சொன்னான்:

"ஃபோர் மை வைஃப், ஐ லாஃப்."