இரண்டு தட்டு

ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

ஜீப்பின் பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு விழ வேண்டும். விழுந்தால் அவள் தயார் என்று அர்த்தம். இவர் கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் போட்டுக்கொள்வார். அவள் தள்ளுவாள்.

தட்டு விழவில்லை.

எப்படி விழும்? லடாக்குக்கு என்று கூடவே புறப்பட்ட மனைவி தெய்வானை நாக்பூரிலேயே இறங்கி ரயிலேறிவிட்டாள். இந்நேரம் கோபிச்செட்டிபாளையத்தில் வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். பழகிப்போன காலும் கையும்தான் இன்னும் நம்ப மறுத்தன.

மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப். கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் அப்போதே செத்திருந்தது. வேறொன்றைப் பூட்ட அவர் சம்மதிக்கவில்லை. வண்டியோடு பிறந்த சாமானைத் தவிர எதுவும் அதன் மேல் படக் கூடாது. முன்னால் விட்டுச் சுற்றிக் கிளப்பும் கம்பியும் எந்தக் காலத்திலோ தொலைந்துபோயிற்று.

ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் சரிவு பார்த்து நிறுத்துவார்கள். அந்தச் சரிவிலேயே, ஜீப்பின் பின்பக்கம் மெத்தையை விரித்துத் தூங்குவார்கள். காலையில் அவள் ஒரு தள்ளு கொடுத்தால் போதும். மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

எஞ்சின் பிடித்த பிறகு வண்டியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அணைந்துவிடும். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்து ஏறுவாள்.

இவர் கண்ணாடியில் பார்ப்பார். சின்னதாகத் தெரிவாள். சிரிப்பு வரும்.

நாக்பூரில் அப்படி ஓடி வந்து ஏறியவளுக்கு மூச்சு அடங்க வெகுநேரமாயிற்று.

"நாளைக்கு ஒரு தடவை நான் உள்ள உக்காந்துக்கறனுங்க. நீங்க தள்ளிப் பாருங்க."

அதற்கும் சிரித்தார். கிளட்ச் எது, பிரேக் எது என்று முதலில் சொல்லு பார்க்கலாம் என்றார்.

அவள் சண்டை போடவில்லை. ஸ்டேஷன் வாசல் வந்ததும் பையை எடுத்துக்கொண்டாள். வண்டி அணைந்துவிடுமே என்று அவர் நிறுத்தக்கூட இல்லை. ஊர்ந்துகொண்டிருக்கும்போதே இறங்கினாள். அதுவும் அவளுக்குப் பழக்கம்தான்.

போனால் போகட்டும் என்று வீம்பு. லடாக்கைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று வைராக்கியம். அவர் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

அதன் பிறகு சாயங்காலமானால் நல்ல சரிவாகத் தேட வேண்டியிருந்தது. ஆற்றுப்பாலத்து இறக்கம், கால்வாய்க் கரை. பிரேக்கை விட்டால் வண்டி தானாக உருள வேண்டும். அத்தனை சரிவில் படுத்தால் உடம்பு ஒரு இடத்தில் நிற்காது. முன்பெல்லாம் இருவரும் ஒரே பக்கமாகச் சரிந்து கிடப்பார்கள். அவள் திட்டிக்கொண்டே அவரைத் தள்ளிவிடுவாள். அங்கேயும் தள்ளுவது அவள்தான்.

இப்போது தகரம் மட்டும் இடித்தது.

நேற்று மதுராவைத் தாண்டியதும் சரிவே இல்லாமல் போயிற்று. கண்ணுக்கெட்டிய வரை கோதுமை வயல். தோசைக்கல் போலத் தரை. வேறு வழியில்லாமல் ஒரு சாலையோரத் தாபாவின் முன்னால் நிறுத்திப் படுத்தார்.

உடம்பு எந்தப் பக்கமும் சரியவில்லை. மெத்தையில் இடம் தாராளமாகக் கிடந்தது. அந்தத் தாராளம்தான் தூங்க விடவில்லை. "தனியா வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கேட்க நன்றாக இல்லை.

இப்போது விடிந்துவிட்டது.

இறங்கிப் பின்னால் போனார். பின்கதவுத் தகரத்தில் இரண்டு இடங்களில் பெயின்ட் தேய்ந்து வெளுத்திருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்த இடத்தில் பெயின்ட் பூசுகிறவர் அவர்தான். ஏன் அங்கே மட்டும் தேய்கிறது என்று யோசித்ததில்லை.

அந்த இரண்டு இடங்களிலும் உள்ளங்கைகளை வைத்தார்.

தள்ளினார்.

ஜீப் அசையவில்லை.

பக்கத்தில் நின்ற நாமக்கல் லாரியின் டிரைவர் பல் துலக்கிக்கொண்டே நம்பர் பிளேட்டைப் பார்த்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"நம்மூர் வண்டிங்களா? நீங்க ஏறி உக்காருங்க. நாங்க தள்ளிவுடறோம்."

தாபாவிலிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

அவர் நகரவில்லை.

"நீங்க ஏறுங்க. சாவி உள்ளதான் இருக்கு. நான் தள்ளறேன்."

டிரைவர் அவருடைய நரைத்த தலையை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

இவர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். அது அவர் கைக்குப் புதிது.

மூன்று பேருமாகத் தள்ளினார்கள். எஞ்சின் ஒருமுறை செருமியது, பிடித்துக்கொண்டது. புகை முகத்தில் அடித்தது. கையிலிருந்து ஜீப் நழுவிப் போயிற்று.

அது நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. ஓடுகிற ஜீப்பைப் பின்னாலிருந்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. திரும்பி வருகிற வண்டியாகவே அது தெரியவில்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"ஓடியாங்க! நிறுத்துனா ஆஃப் ஆயிருமுங்க!"

நாலு எட்டு ஓடினார். முடியவில்லை. சாலையோரம் குனிந்து நின்றார். பையிலிருந்து போனை எடுத்தார். கரி படிந்த விரலுக்கு அது லேசில் திறக்கவில்லை.

அவள் எடுத்தாள்.

"வண்டி கெளம்பிருச்சு" என்றார்.

"ராத்திரி எங்கீங்க நிறுத்தியிருந்தீங்க? சரிவுலயா?"

"இல்ல. சமதரை."

"அப்ப யாருங்க தள்ளுனது?"

வாயைத் திறந்தார். மூச்சுத்தான் இரைத்தது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

போனைக் காதிலேயே வைத்தபடி இரைத்துக்கொண்டு நின்றார்.

அவளும் போனை வைக்கவில்லை.