ஆற்றின் முகம்

நாணலுக்குள் குந்தியிருந்த வன அதிகாரிக்குக் கால்கள் மரத்துப்போயின. எதிர்க்கரையில் மாப்பிள்ளையை இன்னும் காணோம்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவன். நீர்நாய்க் காப்பகத்தின் ஆற்றங்கரைக் காவலன். அலுவலகத்தில் இவரை ‘சார்’ என்பான். வீட்டில் ‘மச்சான்’ என்பான். தங்கைக்காக அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான்.

சந்தேகம் மீன் வாசனையில் தொடங்கியது.

தங்கை வீட்டில் யாரும் மீன் தொடுவதில்லை. ஆனால் மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் பெட்டி வாராவாரம் நாறியது. கேட்டால், “பூனைக்கு, மச்சான்” என்று சிரித்தான்.

அந்த வீட்டில் பூனையே கிடையாது.

கோடைக்குப் பிறகு எந்தக் கேமராவிலும் ஒரு நீர்நாய்கூடப் பதிவாகவில்லை. பாறைமேல் எச்சமும் சேற்றில் கால்தடமும் மட்டும் புத்தம்புதிதாகக் கிடந்தன. கேமராக்களைப் பார்த்துக்கொள்பவனும் மாப்பிள்ளைதான்.

மீனைக் காட்டி இழுக்கிறான். பொறி வைக்கிறான். தோலுக்கு எங்கோ ஆள் பிடித்திருக்கிறான். தங்கையின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அப்படி இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

நீர்நாயை இந்த ஆற்றின் முகமாக்கியவரே அவர். ஆமைக்காக, நத்தைக்காக, பெயர் தெரியாத பொடி மீன்களுக்காக ஆற்றைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டபோது மேலிடத்தில் கொட்டாவி விட்டார்கள். மீனை இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்கும் நீர்நாயின் படத்தைக் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மணல் லாரிகள் வெளியேறின. நீர்நாயின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆமையும் நத்தையும் பிழைத்துக்கொண்டன.

அந்த முகத்தையா இவன் உரித்து விற்கிறான்?

அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருகிறது. நீர்நாய் இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் காப்பகமும் இல்லை.

எதிர்க்கரையில் புதர் விலகியது. மாப்பிள்ளை தோள்பையோடு பாறைக்கு வந்தான். முன்னும் பின்னும் பார்த்தான். அதிகாரி மூச்சை அடக்கிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

பையிலிருந்து பொறி வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்தது.

மூடியைத் திறந்ததும் நாற்றம் ஆற்றைத் தாண்டி அடித்தது. மீன் செதிலும் முள்ளும் கலந்து பிசைந்த கரிய கூழ். அதைக் கரண்டியால் எடுத்துப் பாறைமேல் சின்னச் சின்னதாக வைத்தான். தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்தான். அப்புறம் ஒரு குச்சியை எடுத்தான். அதன் நுனியில், செருப்பு ரப்பரில் செதுக்கிய ஐந்து விரல் கால். சேற்றில் அழுத்தினான். எடுத்தான். மறுபடி அழுத்தினான். வால் தடத்துக்கு ஒரு கயிற்றை இழுத்தான்.

அதிகாரி நாணலோரம் கட்டியிருந்த காப்பகத்தின் ஒரே படகை அவிழ்த்துத் துடுப்பை ஆத்திரத்தோடு வலித்தார்.

மாப்பிள்ளை ஓடவில்லை. “சார்…” என்றான். பிறகு, “மச்சான்…” என்றான்.

“என்ன மாப்ள இது?”

“எல்லாம் போயிடுச்சு மச்சான். கோடையில தண்ணி வத்துனப்பவே கிளம்பிடுச்சுங்க. இல்லன்னு தெரிஞ்சா மறுநாளே லாரி இறங்கும். தண்ணி ஏறினா திரும்பி வராமலா போயிடும்? அதுவரைக்கும் அதுங்க வீட்டை வேற யாரும் புடிச்சுக்காம பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்.”

திருடன் இல்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சுக்குமேல் நிற்கவில்லை. இந்தத் தடங்களைத்தான் மேலிடத்தில் பெருமையாகக் காட்டியிருந்தார். இந்த எச்சத்தைத்தான் வெறுங்கையால் எடுத்து முகர்ந்து, நல்ல ஆரோக்கியம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தார்.

உண்மையைச் சொன்னால் ஆறு போகும். சொல்லாவிட்டால் இவரும் கூட்டாளி.

குச்சியைப் பிடுங்கி அந்த ரப்பர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு. அதுவே எரிச்சலைக் கூட்டியது.

“இந்தக் கரையோட நிறுத்தியிருக்கலாம்ல? நான் ஒளிஞ்சிருந்த அக்கரைச் சேத்துல வேற ஈரம்கூடக் காயாம போட்டு வச்சிருக்கியே. பெரிய கால் பக்கத்துல பொடிசு பொடிசா குட்டிக் கால் வரிசை. அதுக்குன்னு தனியா ஒண்ணு செதுக்கினியா?”

மாப்பிள்ளை அவரையே பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

“அக்கரையிலயா?” குரல் பாதியாகிவிட்டது. “எனக்கு நீச்சலே தெரியாதே, மச்சான்.”