உள்ளங்கால் சோதனை

காற்றாலையிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிய எபனேசருக்கு, அறுந்த நரம்புகள் புதிதாக வந்த மருந்தின் தயவில் நாளுக்கொரு நூலளவாக முளைத்து, மூன்று வருடத்தில் கணுக்கால் வரை இறங்கியிருந்தன. உள்ளங்காலிலும் உணர்வு வந்துவிட்டால் சிகிச்சை முடிந்தது. அதன்பிறகு நர்ஸ் ஜெயமேரி வரமாட்டாள். அந்த வீட்டுப் படியேறும் ஒரே ஆள் அவள்தான்.

இன்றும் உள்ளங்காலில் ஊசியால் குத்தினாள்.

"தெரியுதா அண்ணாச்சி?"

ஒரு வாரமாகவே சுரீரென்றுதான் இருந்தது. எபனேசர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் தெரியல" என்றார்.

பெருவிரல் மட்டும் வெடுக்கென்று மடங்கிவிட்டது.

"அது சும்மா துடிக்கும் தாயி" என்றார் அவசரமாக.

ஜெயமேரி விரலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். 'உணர்வு இல்லை' என்று பதிந்துகொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு மெதுவாக் குத்துதேன், அண்ணாச்சி."